ஆட்டோ சிபாப் மெஷினில் பிரஷர் ஒரு நாள் 8, ஒரு நாள் 14 என்று மாறுகிறதே, மெஷின் கோளாறா, நோய் முற்றுகிறதா?

அப்பாவுக்கு 62 வயது, மெஷின் வாங்கி மூன்று வாரம், 4 முதல் 20 வரை என்று வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், காலையில் பார்த்தால் ஒரு நாள் 8, மறுநாள் 14 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே பயத்தில் நானும் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கும் ஸ்லீப் ஆப்னியாதான், அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகும் நோய். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, அந்தப் பிரஷரைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இந்த ஆட்டோ மெஷினை ஆறு வருடமாகப் போட்டுத்தான் தூங்குகிறார். முதல் இரண்டு மாதம் தினமும் காலையில் அந்தச் சின்னத் திரையைப் பார்ப்பதற்கே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

நான் டாக்டர் இல்லை. பக்கத்தில் படுத்துப் பார்த்தது, நுரையீரல் டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது, இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. உங்கள் இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரஷர் மாறுவது கோளாறு இல்லை, மாறுவதற்காகத்தான் அந்த மெஷினையே வாங்கியிருக்கிறீர்கள். 14 என்று வந்ததால் மட்டும் நோய் முற்றிவிட்டது என்றும் ஆகாது. ஆனால் 4 முதல் 20 என்ற அந்த அமைப்பை டாக்டரிடம் மறுபடி கேட்க வேண்டும். அதற்குக் காரணம் கீழே சொல்கிறேன்.

அந்த எண் எதை அளக்கிறது என்பது புரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அது சென்டிமீட்டர் தண்ணீர் என்ற கணக்கு. உயரமான பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதில் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி ஊதிப் பாருங்கள். அடியில் குமிழி கிளம்ப எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ அதுதான் 10. எங்கள் பெண் ஊதிக் காட்டியபோது, இவ்வளவுதானா என்று இருந்தது. நம்மைச் சுற்றி இருக்கும் காற்றின் அழுத்தத்தில் இது நூற்றில் ஒரு பங்குதான். தொண்டையின் தசை தூக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளாமல் உள்ளிருந்து முட்டுக் கொடுக்க அது போதும். 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் முதன்முதலில் இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதியபோது இருந்த அடிப்படையும் இதேதான். அப்போது ஒரே அளவு பிரஷர். ஆட்டோ மெஷினில் அது நேரத்துக்கு நேரம் மாறுகிறது.

எதைப் பார்த்து மாற்றுகிறது? மூச்சைப் பார்த்துத்தான். உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சையும் மெஷின் கோடாகப் பதிகிறது. தொண்டை நன்றாகத் திறந்திருந்தால் அந்தக் கோடு இட்லி மாதிரி மேலே உருண்டையாக இருக்கும். தொண்டை குறுக ஆரம்பித்தால் உருண்டை போய் மேல்பக்கம் தட்டையாகும். குறட்டை வந்தால் கோட்டில் நடுக்கம் தெரியும். தட்டையாவதையும் நடுக்கத்தையும் கண்டாலே மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றத் தொடங்கிவிடும். மூச்சு நின்ற பிறகு ஒரேயடியாகக் காற்றடித்துத் தொண்டையைப் பிளந்து திறக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. நின்ற மூச்சை ஆளே லேசாக விழித்து இழுத்துக்கொள்வார். மெஷின் ஏற்றுவது அடுத்த தடை வராமல் இருக்க. மூச்சு சீரானதும் மெதுவாக இறங்கும். ஏறுவது சில நிமிடம், இறங்குவது அதைவிட நிதானம். அதனால்தான் மெஷின் பதிந்து வைக்கும் பிரஷர் கிராஃப் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் குன்று குன்றாக இருக்கிறது.

இன்னொரு விதமான மூச்சு நிறுத்தம் உண்டு. தொண்டை திறந்தே இருக்கும், ஆனால் மூச்சு விடு என்று மூளையிலிருந்து கட்டளை வராது. அதற்குப் பிரஷர் ஏற்றிப் பயனில்லை. சிலருக்கு ஏற்ற ஏற்ற அது கூடவும் செய்யும். ரெஸ்மெட் என்ற கம்பெனியின் மெஷின்கள் மூச்சு நின்ற நேரத்தில் விநாடிக்கு நான்கு என்ற கணக்கில் மெல்லிய அதிர்வை அனுப்பித் தொண்டை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கின்றன. திறந்திருந்தால் ஏற்றுவதில்லை.

சரி, 8-ம் 14-ம் எங்கிருந்து வருகின்றன? அப்பா எப்படிப் படுத்தார் என்று பாருங்கள். மல்லாக்கப் படுத்தால் நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரியும், பிரஷர் கூடும். ஒருக்களித்தால் குறையும். கனவு வரும் தூக்கத்தில் தசை ரொம்பவே தளரும். அந்தத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். அதனால் 3 மணிக்கு மேல் குன்று உயரமாக நிற்பது சாதாரணம். சளி, மூக்கடைப்பு, இரவில் மது, தூக்க மாத்திரை எல்லாமே எண்ணை மாற்றும். என் வீட்டுக்காரருக்கு மார்கழி வந்தால் போதும், ஒன்றரை இரண்டு கூடிவிடும்.

காலையில் காட்டும் எண் எது என்றும் பாருங்கள். நிறைய மெஷின்களில் அது 95 சதவீத எண். இரவில் நூற்றில் 95 பங்கு நேரம் பிரஷர் அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருந்தது என்று அர்த்தம். எட்டு மணி நேரத் தூக்கத்தில் மிச்சம் 24 நிமிடம்தான். இரவு முழுக்க 14-ல் ஊதியது என்று நினைத்துவிடாதீர்கள். சில மெஷின்களில் 90 சதவீதக் கணக்கு. அதனால் வேறு மெஷின் வைத்திருக்கும் உறவினருடைய எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம்.

இனி லீக், அதாவது மாஸ்க் ஓரத்திலோ வாய் வழியாகவோ காற்று கசிவது. நாங்கள் அடிபட்டது இங்கேதான்.

எங்களுக்கும் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தவர் 4 முதல் 20 என்று வைத்துவிட்டு, மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரும்பாலான மெஷின்கள் வரும்போதே அப்படித்தான் இருக்கும், ஒருவர் உடம்பைப் பார்த்து வைத்த அளவு இல்லை அது. படுத்த உடனே 4-ல் காற்றுப் போதாமல் இவர் திணறுவார். தூங்கிய பிறகு 4-லிருந்து மெஷின் ஏறி வருவதற்குள் நாலைந்து தடவை மூச்சு நின்றிருக்கும். விடியற்காலையில் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, ஏப்பம் ஏப்பமாக விடுவார். காற்றை விழுங்குகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. கேஸ் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். 95 சதவீத எண் 15-ஐத் தாண்டியது. நோய் முற்றிவிட்டது என்று நான் அழுததெல்லாம் உண்டு.

ஒரு நாள் அலாரம் வைத்து மூன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். நைட் லேம்ப் வெளிச்சத்தில் தாடை மெல்லத் தொங்குகிறது, உதடு பிரிகிறது, வாய் வழியாக உஸ் என்று காற்று வெளியே வருகிறது. இவர் போட்டிருந்தது மூக்கு மட்டும் மூடும் மாஸ்க். வாயில் காற்று போனால் தொண்டைக்கு முட்டுக் குறைகிறது, மூச்சு குறுகுகிறது, மெஷின் ஏற்றுகிறது. ஏற்றினால் வாய் இன்னும் திறக்கிறது. அடுத்த வாரம் டாக்டர் அறையில், மெஷின் இரவு விவரங்களைப் பதிந்து வைக்கும் எஸ்டி கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது நான் கண்ணால் பார்த்தது அப்படியே கோடாக இருந்தது. 3:40-க்கு லீக் மேலே போகிறது, அதன் பின்னாலேயே பிரஷரும் ஏறுகிறது.

டாக்டர் மாற்றியது இரண்டே விஷயம். மூக்கும் வாயும் சேர்த்து மூடும் மாஸ்க், பிரஷர் 8 முதல் 13. இரண்டே வாரத்தில் 95 சதவீத எண் 11-க்கு வந்து நின்றது. வயிற்று உப்புசமும் போனது. கீழ் எண்ணைக் கூட்டினால் உச்சம் குறைகிறது என்பது எனக்கு அப்போது பெரிய ஆச்சரியம். தொண்டைக்கு ஆரம்பத்திலிருந்தே முட்டு இருப்பதால் மெஷின் துரத்திக்கொண்டு ஓட வேண்டிய வேலை குறைகிறது. அதனால்தான் மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஆனால் 8, 13 என்பது இவருக்கு ஒத்துவந்த கணக்கு. அப்பாவுக்கு அதையே நீங்களாக வைத்துவிட வேண்டாம்.

தினமும் பார்க்க வேண்டும் என்றால் பிரஷரைவிட ஏஹெச்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. மெஷின் போட்ட பிறகு 5-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நல்லது என்பார்கள். பிரஷர் 14 ஆகி ஏஹெச்ஐ 2 என்றால் மெஷின் வேலை செய்கிறது. பிரஷரும் உயர்ந்து ஏஹெச்ஐயும் உயர்ந்தே இருந்தால் மாஸ்க், லீக், மூளைக் கட்டளை நிற்கும் வகை எல்லாவற்றையும் டாக்டர் பார்க்க வேண்டும். ரெஸ்மெட்டாக இருந்தால் லீக் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இதயச் செயலிழப்போ, சிஓபிடி மாதிரி நுரையீரல் நோயோ இருக்கிறதா? இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆட்டோ மெஷின் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

அடுத்த முறை போகும்போது எஸ்டி கார்டை எடுத்துப் போங்கள். வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்கார் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நிறைய மெஷின்களின் கார்டை அது படிக்கும். கார்டை மெஷின் ஓடாத நேரத்தில் எடுங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். ஒருமுறை நான் கைப்பையிலேயே விட்டுவிட்டேன், பத்து நாள் கிராஃப் இல்லாமலே போய்விட்டது.