தசைகளைத் தளரச் செய்யும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் ஆராய்ச்சியில் ஜான் நியூசம்-டேவிஸின் பங்கு என்ன?

பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவரான அவர் முதலில் ஆராய்ந்தது மூச்சுத் தசைகளின் இயக்கத்தை. மயஸ்தீனியா முற்றினால் மூச்சுத் தசைகளே தளர்ந்துவிடும் என்பதால், அந்த அனுபவம் பின்னர் பெரிதும் கைகொடுத்தது.

நரம்பு அனுப்பும் அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருளைத் தசையில் உள்ள ஏற்பிகள் வாங்கினால்தான் தசை சுருங்கும். இந்த நோயில், கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்களே (antibodies) அந்த ஏற்பிகளைத் தாக்குகின்றன. காலையில் சரியாகத் திறக்கும் இமை மாலைக்குள் சரிந்துவிடும். உணவை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும்.

எதிர்ப்புரதம்தான் குற்றவாளி என்றால், அதை அகற்றினால் நோயாளி தேற வேண்டுமல்லவா? 1976-இல் அவரது குழு அதைத்தான் செய்து பார்த்தது. நோயாளியின் இரத்தத்திலிருந்து, எதிர்ப்புரதங்கள் கலந்திருக்கும் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, அணுக்களை உடலுக்கே திருப்பிச் செலுத்தினார்கள். சில நாட்களில் தசை வலிமை திரும்பியது. ஒரே முயற்சியில் நோயின் காரணத்துக்குச் சான்றும் கிடைத்தது, சிகிச்சையும் கிடைத்தது. என் பார்வையில் அவரது ஆகச் சிறந்த பணி இதுதான். மூச்சுத் திணறும் கட்டத்தில் இன்றும் பிளாஸ்மா மாற்று உயிர் காக்கிறது.

ஆஞ்செலா வின்சென்ட் உள்ளிட்ட சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தசைகளைத் தளர்த்தும் இன்னொரு நோயான லாம்பர்ட்-ஈட்டன் நோயும் எதிர்ப்புரதத்தால் வருவதே என்று 1981-இல் எலிகளில் காட்டினார். 1987-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார்.

நோய் எதிர்ப்பு அணுக்கள் முதிரும் இடமான, மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியை அகற்றுவது மயஸ்தீனியா நோயாளிகளுக்கு உண்மையிலேயே பயன் தருமா என்பதை அறியப் பன்னாட்டு ஆய்வு ஒன்றை முன்னின்று தொடங்கினார். அந்தப் பணிக்காக ருமேனியா சென்றிருந்தபோது, 2007-இல் சாலை விபத்தில் இறந்தார். சக ஆய்வாளர்கள் ஆய்வைக் கைவிடவில்லை. 2016-இல் வெளியான முடிவு, அறுவை சிகிச்சை பயன் தருகிறது, ஸ்டீராய்டு தேவையையும் குறைக்கிறது என்று காட்டியது.