யாங்கோன் தமிழருக்குச் சில படங்கள்: கேள்வி பதில்

சிவாஜி படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம், ஐயா? (யாங்கோனிலிருந்து ஒரு தம்பி)

‘பராசக்தி’யில் தொடங்குங்கள் தம்பி. 1952-இல் வந்தது, சிவாஜிக்கு முதல் படம், கலைஞர் வசனம். எல்லாரும் கோர்ட் காட்சியைத்தான் சொல்வார்கள். நாம் பார்க்க வேண்டியது முதல் அரைமணி. அண்ணன் தம்பி மூவரும் பிழைப்பது நம் ரங்கூனில், தங்கை மட்டும் மதுரையில். போர் நேரத்தில் கப்பலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. கடைசித் தம்பியை ஏற்றிவிட்டு மற்ற இருவரும் நடந்தே கிளம்புகிறார்கள். அதில் ஒருவர் வழியில் ஒரு காலை இழந்துவிடுகிறார். 1942-இல் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் இப்படி நடந்தார்கள், பலர் போய்ச் சேரவே இல்லை. உங்கள் வீட்டில் அந்தக் கதை தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நடுவில் அவர் பேச ஆரம்பித்தால் படத்தை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பாட்டு, சண்டை இல்லாத பழைய படம் உண்டா? (மோல்மின் வாசகர்)

‘அந்த நாள்’, 1954. எஸ். பாலசந்தர் இயக்கியது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த மறுநாள், ரேடியோ என்ஜினீயர் ஒருவர் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். விசாரிக்க வருபவரிடம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஆளுக்கொருவரைக் கைகாட்டுகிறார்கள். கொன்றது யார் என்று யாரிடமும் கேட்டுக்கொள்ளாமல் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு வீட்டில் பர்மியப் பேச்சுதான், தமிழ் அரைகுறை. (பெகுவிலிருந்து ஒரு அக்கா)

‘காக்கா முட்டை’, அக்கா. 2015-இல் வெளிவந்தது, மணிகண்டன் இயக்கம். சென்னைக் குடிசைப் பையன்கள் இருவருக்குப் பீட்சா தின்ன ஆசை, அவ்வளவுதான் கதை. பாட்டி விளம்பரத் தாளைப் பார்த்துத் தோசைக்கல்லில் பீட்சா சுட்டுத் தரும் இடத்தில் பிள்ளைகளுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பாதி வசனம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, முகங்களே சொல்லிவிடும். வசனம் அடைமழையாய்க் கொட்டும் படங்களை அவர்களுக்கு இப்போதைக்குப் போடாதீர்கள், தமிழே வேண்டாம் என்று ஓடிவிடுவார்கள்.

கோயில் திருவிழாவில் நாயனம் வாசிப்பவன் நான். எனக்கு? (சிரியம் பக்கத்திலிருந்து)

அண்ணே, ‘தில்லானா மோகனாம்பாள்’ தவிர வேறென்ன! 1968, ஏ.பி. நாகராஜன். திரையில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் பிடித்திருக்கும் நாயனத்துக்குள் மூச்சு விட்டது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ‘நகுமோமு’ வரும்போது சிவாஜியின் கன்னத்தையும் விரலையும் கவனியுங்கள். சீவாளியில் வாய் வைத்துப் பழகிய உங்களுக்கே அவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்று தெரியும். அப்புறம், தவில்காரராக வரும் பாலையாவையும் விட்டுவிடாதீர்கள்.

புதுப்படமாக ஒன்று? (இன்னொரு தம்பி)

‘மேற்குத் தொடர்ச்சி மலை’, 2018. ஒரு துண்டு நிலம் வாங்க ஏங்கும் சுமைகூலியின் கதை. மெதுவாகத்தான் போகும், பொறுமையாக உட்காருங்கள்.

அழவைக்கும் படம் வேண்டாம், சிரிக்க ஒன்று சொல்லுங்கள். (யாங்கோன் வாசகி)

சரி, ‘காதலிக்க நேரமில்லை’, 1964. நாகேஷ் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சி ஒன்று போதும். நாகேஷ் சத்தம் கொடுத்துக் கதை சொல்லச் சொல்ல, பாலையாவின் முகம் வெளிறுவதைப் பாருங்கள். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து வீட்டோடு உட்காருங்கள், பாதியில் நின்றால் வீட்டார் உங்களைத்தான் திட்டுவார்கள்.