பூனைக்குட்டிங்க அடுத்தடுத்து சாகுது, எலி மருந்தா இல்ல வேற நோயா?

கேள்வி: வணக்கம் டாக்டர். மன்னார்குடி பக்கம் நெல் போடுறோம். மூட்டை அடுக்குற கொட்டாயில எலித்தொல்லைக்காக ஒரு பூனை வளக்குறோம். அது போட்ட 3 குட்டிக்கும் இப்ப 3 மாசம் ஆகுது. அதுல ரெண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் செத்துப்போச்சு, மஞ்சளா நுரை வாந்தி, அப்புறம் தண்ணியா பேதி. மூணாவது குட்டி நேத்து ராத்திரியிலேருந்து எதுவும் தொடல, உடம்பு கொதிக்குது. பக்கத்து வயல்ல எலி மருந்து வச்சிருந்தாங்க, அதைத் தின்ன எலியைப் புடிச்சிருக்குமோன்னு சந்தேகம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா? ஆடு மாட்டுக்கு ஒட்டுமா?

பதில்: மொதல்ல அந்த மாத்திரையை எடுத்து உள்ள வைங்க, கால் மாத்திரை கூட வேணாம். பாராசிட்டமாலை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனை ஈரலுக்கு கிடையாது, ரத்தம் ஆக்சிஜனை சுமக்க முடியாம போயி ஈறு பழுப்பாகி மூஞ்சி வீங்கி செத்துரும். நோயில பொழைக்க வேண்டிய குட்டி மாத்திரையில போறதை நிறைய பாத்துட்டோம், அதனாலதான் இதை முதல்ல சொல்றேன்.

நீங்க சொல்றத வச்சு பாத்தா எனக்கு விஷம்னு தோணல. எலி மருந்துன்னா பெரும்பாலும் சில மணி நேரத்துல வெட்டு இழுப்புன்னு ஆளைக் காட்டிடும், இல்ல சில நாள் கழிச்சு ரத்தம் கசியும். இப்படி ஒண்ணு போயி அடுத்தது காய்ச்சலோட படுக்குறது பூனை பார்வோ வைரஸ் பண்ற வேலை, பேன்லூகோபீனியாம்பாங்க. குடல் உள்பக்கத் தோலையும் எலும்பு மஜ்ஜையையும் அழிக்கும், அதனால வெள்ளை அணு சரசரன்னு இறங்கி குடல்ல இருக்குற கிருமி ரத்தத்துல ஏறிடும். ஒரு அடையாளம் பாருங்க, குட்டி தண்ணி கிண்ணத்துக்கு மேல தலையைத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருக்கும், ஆனா குடிக்காது. முதுகுத் தோலை ரெண்டு விரலால தூக்கி விடுங்க, உடனே படியாம மெதுவா இறங்குச்சுன்னா உடம்புல நீர் வத்திடுச்சு. விஷம்னு தோணாததால பக்கத்து வயக்காரர்கிட்ட இதுக்காக மனஸ்தாபம் வேணாம்.

இன்னிக்கே கூட்டிட்டு போங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க. ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, உங்களுக்கு தூரமும் இல்ல. நாய் பார்வோவுக்கு வச்சிருக்குற கிட்லயே பூனையோட மலத்தை வச்சு பாத்துடலாம். வைரஸைக் கொல்ற மருந்துன்னு நம்பி கொடுக்க ஒண்ணும் இல்ல, ஆனா நரம்புல ட்ரிப்ஸ், வாந்தி நிக்க ஊசி, கிருமி ரத்தத்துல பரவாம இருக்க ஆன்டிபயாட்டிக், இந்த மூணும்தான் உயிரை இழுத்துப் புடிக்கும். சும்மா விட்டா குட்டிங்கள்ல பத்துக்கு ஒம்போது கூட போயிடும், வைத்தியம் பாத்தா கிட்டத்தட்ட பாதி தேறும். வாந்தி நிக்காம வாயில பாலு, ஓஆர்எஸ்னு ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். வாந்தி நின்னதும் பட்டினி போடாம வேகவச்ச கோழிக்கறியைப் பிசைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க.

ஆடு, மாடு, கோழி, மனுஷனுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க. நாய்க்கும் இந்த வைரஸ் வராது, ஆனா நாய்க்கு வர்ற பார்வோ பூனைக்கு வரலாம், அதனால பேதியாகுற நாயை கொட்டாய் பக்கம் விடாதீங்க.

செத்த குட்டியை விட பெரிய தலைவலி அந்த கொட்டாய்தான். இந்த வைரஸ் மலத்துல வந்து தரை, சாக்கு, செருப்புன்னு ஒட்டிக்கிட்டு ஒரு வருஷம் கூட உசுரோட கிடக்கும். பினாயில், டெட்டால் ஊத்திக் கழுவாதீங்க, அதுல வைரஸ் சாகும்னு நம்ப முடியாது, பூனைக்கும் அது விஷம். குட்டி படுத்த சாக்கை எரிச்சிருங்க, சிமெண்ட் தரையை சோப்பு போட்டு அழுக்கு போக தேச்சுட்டு, கடையில விக்கிற திரவ ப்ளீச் 1 லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி கலந்து 10 நிமிஷம் ஈரமா ஊறவிட்டு கழுவுங்க, காயுற வரைக்கும் பூனையை உள்ள விடாதீங்க. மண் தரையா இருந்தா முழுசா சுத்தம் பண்ண வழியே இல்ல. மூணாவது குட்டி தேறினாலும் ஆறு வாரம் வரைக்கும் மலத்துல வைரஸ் போகும், தனியா வைங்க.

எலி ஏறுதேன்னு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டாந்து விட்டுடாதீங்க, அதுவும் இதே மாதிரி படுத்துரும். எங்கேருந்து வாங்குறீங்களோ அங்கேயே 8 வாரத்துல முத்தடுப்பூசி (இந்த நோயோட ரெண்டு பூனை சளி நோய்க்கும் சேர்த்துப் போடுற ஊசி) ஆரம்பிச்சு 3-4 வாரத்துக்கு ஒருதடவை 16 வாரம் முடியுற வரைக்கும் போட்டு, கடைசி ஊசிக்கு அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு கொண்டுவாங்க. ஒரு ஊசி போட்டாச்சேன்னு நிறுத்துறவங்கதான் அதிகம், தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புசக்தி சின்னதுல ஊசியை வேலை செய்யவிடாது, அதனாலதான் திரும்பத் திரும்ப போடுறது. வெறிநாய்க்கடி ஊசி இதுல சேராது, அதைத் தனியா போடணும்.

தாய்ப்பூனை நல்லா இருக்குன்னா அதுக்கு ஏற்கனவே எதிர்ப்புசக்தி இருக்கலாம். சினையா இருக்கான்னு டாக்டர்கிட்ட பாத்துட்டு அதுக்கும் ஊசி போட்டுருங்க. சினையா இருந்தா உயிருள்ள வைரஸ் தடுப்பூசி போடக்கூடாது, வயித்துல இருக்குற குட்டிங்களோட சிறுமூளை கெட்டு பிறந்ததும் தள்ளாடி நடக்கும், ஈனுனதுக்கு அப்புறம் போட்டுக்கலாம்.