கார்ட் ரீடர் கேட்கும் கேள்விக்கு ‘ஆம்’ சொல்லாதீர்கள்

கே: கமராவின் 64 ஜிபி கார்டைப் பழைய ரீடரில் போட்டால், ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கொம்பியூட்டர் கேட்கிறது. கோயில் திருவிழாப் படங்கள் உள்ளே இருக்கின்றன. (உப்புவெளி)

ப: ஃபோர்மட் செய்யவே வேண்டாம், செய்தால் படங்கள் அழிந்துபோகும். கார்டைத் திரும்பக் கமராவில் போடுங்கள். அங்கே படம் தெரிந்தால் கார்டில் பழுதில்லை. ரீடர் அல்லது விண்டோஸ்தான் பழசு. கார்டின் வகை அளவைப் பொறுத்தது: 2 ஜிபி வரை எஸ்டி, 32 வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. 64 ஜிபி கார்ட், கோப்புகளை அடுக்கும் ‘எக்ஸ்ஃபெட்’ என்ற முறையில் வரும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது தானாகப் புரியாது. எஸ்டிஎக்ஸ்சி என்று போட்டிருக்கும் ரீடராக வாங்குங்கள். அதுவரை கமராவையே கேபிளில் இணைத்துப் படங்களை எடுக்கலாம். கமராவிலும் தெரியாவிட்டால் ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்கவே வேண்டாம்.

கே: ரீடரில் போட்ட கார்டில் எதையும் அழிக்க முடியவில்லை. (மூதூர்)

ப: கார்டின் பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டை மேலே தள்ளுங்கள்.

கே: மலிவாக 512 ஜிபி மைக்ரோ எஸ்டி வாங்கினேன். கொம்பியூட்டரும் 476 ஜிபி என்றே காட்டுகிறது. ஆனால் பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் பாதிக்குமேல் திறக்கவில்லை. (கிண்ணியா)

ப: உங்களில் பிழையில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த மோசடியை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். இப்படி ஒரு கார்டுக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப்தான். கார்டின் கட்டுப்பாட்டுச் சிப் 512 என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கிறது. கொம்பியூட்டர் அந்தப் பொய்யைத்தான் காட்டுகிறது. உண்மையான இடம் நிரம்பியபின் எழுதுவது பழையதன் மேல் விழும், அல்லது எங்கும் பதியாது. கோப்புப் பட்டியல் கார்டின் தொடக்கத்திலேயே இருப்பதால் பெயரும் அளவும் மட்டும் சரியாகத் தெரியும். திறக்கும் படங்களை இன்றைக்கே வேறிடத்தில் பிரதி எடுங்கள். இழந்தவை திரும்புவது கடினம். பிறகு கார்டை வெறுமையாக்கி ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். முழுவதும் எழுதித் திரும்ப வாசித்து உண்மை அளவைச் சொல்லும்; 512 ஜிபிக்கு மணிக்கணக்காகும். வரும் முடிவைப் படமெடுத்து, பில்லுடன் கடைக்குப் போங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

கே: யூஎஸ்பி 3 ரீடர், ஆனால் வேகமே இல்லை. (நிலாவெளி)

ப: கறுப்புப் போர்ட்டில் செருகியிருப்பீர்கள். அது பெரும்பாலும் யூஎஸ்பி 2. செக்கனுக்கு 30, 35 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நீலப் போர்ட்டில், நீட்டிப்பு கேபிள் இல்லாமல் செருகிப் பாருங்கள். கார்டே மெதுவானதென்றால் ரீடரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கே: ரீடர் இரண்டே நாளில் செத்துவிட்டது. பில் கேட்கவில்லை, பெட்டியையும் எறிந்துவிட்டேன். மாற்ற முடியுமா? (டொக்யார்ட் வீதி)

ப: எதைக் காட்டி மாற்றப் போகிறீர்கள்? கேட்டால் பில் தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. கேட்காமல் வந்தது நீங்கள். அடுத்த முறை கடையிலேயே உங்கள் கார்டைப் போட்டு, ஒரு கோப்பைப் பிரதி எடுத்துப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.