பரவசம் என்றால் யார் வசம்?

கேள்வி: "கண்ணகை அம்மன் சடங்கு பார்த்துப் பரவசமானேன்" என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். பரம்பொருளின் வசமாவதுதான் பரவசம் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் புடவைக்கடைக்காரர் "பரவசமூட்டும் விலைக்கழிவு" என்று நோட்டீஸ் அடிப்பது பிழைதானே?
(வாசகி ஒருவர், ஆரையம்பதி)

பதில்: கடைக்காரரை விடுங்கள் தங்கச்சி, முதல் பிழை நீங்கள் படித்ததில் இருக்கிறது. வடமொழியில் 'பர' என்பதற்கு மேலான என்றும் பொருள் உண்டு, பிற என்றும் உண்டு. பரோபகாரம் என்றால் பிறருக்குச் செய்யும் உதவி, இல்லையா? பரவசத்தில் இருப்பதும் அந்தப் 'பர'தான். வசம் என்பது பிடி. வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, யார் வசம் என்று கேட்கிறோமே, அதே வசம். ஆக, பரவசம் என்றால் பிறர் பிடியில் இருப்பது, அவ்வளவுதான், அதில் சந்தோஷம் துளிகூடக் கிடையாது. மனு நூலின் 4ஆம் அத்தியாயத்தில் 'பரவசமானதெல்லாம் துன்பம், தன்வசமானதெல்லாம் இன்பம்' என்றே ஒரு சுலோகம் வருகிறது. பிறகுதான் பக்தியிலும் பாட்டிலும் ஊறி, தன்னை இழப்பதே பேரின்பம் என்று சொல் தலைகீழாகிவிட்டது.

பழைய பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, வைகாசியில் சடங்குக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், மற்ற நாளில் தேத்தண்ணி கேட்கவே கூச்சப்படுகிற மனுசன், உடுக்கும் பறையும் ஏற ஏற வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களையே அதட்டுவார், எல்லாம் முடிந்து முகத்தில் மஞ்சள் தண்ணீர் வழிய உட்கார்ந்துகொண்டு, "நான் என்னவும் சொன்னனானா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்பார். அவர் பரவசமானார். நான் ஓரமாக நின்று பார்த்தேன், எழுதினேன். அதற்குப் போய் அந்தச் சொல்லைப் போட்டது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

வசியமும் இதே வசத்தின் பிள்ளைதான். மட்டக்களப்புக்குப் போனால் வசியம் செய்து பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், ஊர் திரும்ப விடமாட்டார்கள் என்று வெளியூரார் இன்னும் பயங்காட்டுகிறார்களே, சரி, ஒட்டியது உண்மைதான், ஆனால் மந்திரம் எதற்கு? இங்கே பெண்ணுக்குத்தான் வீடு சீதனம், மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். வேலைக்கென்று வந்தவர் இங்கே கலியாணம் முடித்தால் பிறகு எங்கே போவார்? திறப்பு மனைவி வசம்.