நாலு பேர் பார்வையும் நம் பணப்பையும்

கேள்வி: நண்பர்கள் கையில் பார்த்ததும் சில பொருட்களை வாங்கிவிடுகிறேன். மெத்தை வாங்கும்போது மட்டும் யார் நினைப்பும் வரவில்லை. ஏன் இந்த வேறுபாடு?

பதில்: பொருள் பிறர் கண்ணில் படுமா, அது இல்லாமல் காலம் தள்ள முடியுமா? இந்த இரண்டையும் பொறுத்தது. 1982-ல் பியர்டன், எட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். அவர்கள் வகைப்படுத்தியபடி, அன்று கைக்கடிகாரம் அவசியப் பொருள், எல்லோர் கண்ணிலும் படும். அதனால் கடிகாரம் வேண்டுமா என்பதை நாமே முடிவு செய்வோம். எந்த பிராண்டு என்பதில்தான் நண்பர்கள் நுழைவார்கள். வீட்டுக்குள் விளையாடும் வீடியோ கேம் கருவி அன்று இதற்கு நேர் எதிர். பிறரிடம் இருப்பதால் ஆசை வரும், பிராண்டை யாரும் கவனிப்பதில்லை. பாய்மரப் படகு போன்ற வெளியில் தெரியும் ஆடம்பரத்தில் இரண்டுமே மற்றவர்களின் பிடியில். மெத்தையில் இரண்டுமே குறைவு.

ஆகவே, 'யாரும் பார்க்காவிட்டாலும் வாங்குவேனா?' என்பதோடு நிறுத்தாமல், 'அப்போதும் இதே பிராண்டுதானா?' என்றும் தனியாகக் கேளுங்கள். முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் பொருளை வாங்கலாம். கூடுதல் விலை மட்டும் வீண்.

நண்பர்களிடம் கேட்பதையே விட்டுவிடாதீர்கள். ஆறு மாதமாவது பயன்படுத்தியவரிடம் எது பழுதானது, பராமரிப்புக்கு எவ்வளவு ஆனது என்று விசாரியுங்கள். நேற்று வாங்கியவர், தன் முடிவு சரி என்று தனக்கே சொல்லிக்கொள்ளும் மனநிலையில் இருப்பார்.

கேள்வி: 'எல்லோரும் வாங்குகிறார்கள்' என்று கடையில் எழுதி வைத்தால் விற்பனை கூடுமா?

பதில்: 'எல்லோரும்' என்றால் யாரும் இல்லை. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே துண்டை மீண்டும் பயன்படுத்துமாறு ஹோட்டல் விருந்தினர்களைக் கேட்டார்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற அட்டைக்கு 35.1% பேர் இணங்கினார்கள். பெரும்பாலான விருந்தினர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்றதற்கு 44.1% பேர். அடுத்த சோதனையில் 'இதே அறையில் தங்கியவர்கள்' என்று எழுதியபோது அது 49.3%. வாடிக்கையாளர் தன்னைப் போன்றவர் என்று நினைக்கும் கூட்டத்தைச் சொல்லுங்கள், எண்ணிக்கை உண்மையாக இருக்கட்டும். 'பலர் இன்னும் இதைச் செய்வதில்லை' என்று குறைப்பட்டு எழுதாதீர்கள். செய்யாமல் இருப்பதே வழக்கம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கேள்வி: சொந்தபந்தங்கள் கூடி ஒன்றை வாங்கச் சொல்லும்போது மறுக்க முடிவதில்லை. இது என் பலவீனமா?

பதில்: இல்லை. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய, கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனையில், சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் தவறாகச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பதில் அவர்களோடு ஒத்துப்போனது. 17 நாடுகளில் நடந்த இத்தகைய சோதனைகளை 1996-ல் தொகுத்துப் பார்த்தபோது, கூட்டு வாழ்வை உயர்வாக மதிக்கும் பண்பாடுகளில் இந்த இணக்கம் கூடுதலாக இருந்தது. ஆனால் சரியாகச் சொல்லும் ஒரே ஒருவர் உடன் இருந்தாலே அது வெகுவாகக் குறைந்துவிடும். பேச்சு தொடங்கும் முன்பே உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஒருவரிடம் தனியாகப் பேசி வையுங்கள்.