பிஎஸ்4, பிஎஸ்5 ஹார்ட் டிஸ்க் மாற்றுவது: கேள்வி பதில்

சோனியின் பிளேஸ்டேஷன் (பிஎஸ்) கேம் கொன்சோல்களைப் பற்றிக் கேட்பவர்கள் மாடல் இலக்கத்தையும் எழுதுங்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். ஸ்டிக்கரில் சியூஎச் என்று தொடங்கினால் பிஎஸ்4, சிஎஃப்ஐ என்று தொடங்கினால் பிஎஸ்5. விலை கேட்காதீர்கள், காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று சொல்கிறார்கள். கேமில் எட்டிய இடத்தைப் பதிந்து வைக்கும் கோப்பை, அதாவது 'சேவ்' என்பதை, வெளியே கொப்பி எடுக்காமல் ஆணியில் கை வைக்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன்.

வெள்ளவத்தை: அண்ணா, என்னிடம் பிஎஸ்4 ஸ்லிம், 500 ஜிபி. ஒரு கேம் போட இன்னொன்றை அழிக்க வேண்டியிருக்கு. 2 டிபி போட ஆசை. முதலில் இருந்து சொல்ல ஏலுமா?

தம்பி, 500 ஜிபி என்று விற்றாலும் உங்களுக்குக் கிடைப்பது 400 ஜிபி சொச்சம்தான். அதோடு பிஎஸ்4 ஒரு அப்டேட்டைப் போடும்போது பழைய கோப்பைக் கொப்பி பண்ணித்தான் புதியதைக் கட்டும். அதனால் பெரிய கேம் ஒன்றுக்குச் சின்ன அப்டேட் வந்தாலும் அந்தக் கேம் அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். இடம் போதாமைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா டிஸ்க் (சாட்டா என்பது டிஸ்கை இணைக்கும் வாயின் வகை). தடிப்பு 9.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 7 மில்லிமீட்டர் என்றால் தாராளம். கூடவே ஒரு பிஎச்1 ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன யூஎஸ்பி ஸ்டிக்.

முதலில் சேவ். செட்டிங்ஸில் 'அப்ளிகேஷன் சேவ்ட் டேட்டா மேனேஜ்மென்ட்' போய், எல்லாவற்றையும் யூஎஸ்பிக்குக் கொப்பி பண்ணுங்கள். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் இணையத்திலும் ஏற்றுங்கள். டிரோஃபிகளை (கேமில் வென்ற பதக்கங்களை) சோனியின் இணையச் சேவையான பிஎஸ்என்னோடு சிங்க் பண்ணுங்கள், பேக்கப்பில் அவை வராது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிஎஸ்என் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லாததால் பலர் கணக்கே திறக்காமல் வெறும் லோக்கல் பயனராக விளையாடுகிறார்கள். அப்படியான பயனருக்கு யூஎஸ்பி கொப்பியை நம்ப வேண்டாம். 'பேக்கப் அண்ட் ரிஸ்டோர்' வழியாக வெளி டிஸ்க் ஒன்றுக்கு முழு பேக்கப் எடுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

அடுத்தது மென்பொருள். சோனியின் தளத்தில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று சாதாரண அப்டேட், ஏறக்குறைய அரை ஜிபி. மற்றது மறுநிறுவலுக்கானது, ஏறக்குறைய 1 ஜிபி. உங்களுக்கு வேண்டியது பெரியது. ஸ்டிக்கை ஃபாட்32 இல் ஃபோர்மட் செய்து, 'பிஎஸ்4' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'அப்டேட்' என்று இன்னொன்று, அதற்குள் கோப்பு. ஃபோல்டர் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில். கோப்பை இரண்டு தடவை இறக்கினால் கொம்பியூட்டர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 என்று ஒட்டிவிடும். அந்த ஒட்டு இருந்தால் கொன்சோல் கோப்பைக் காணவே காணாது.

இனிக் கழற்றலாம். ரெஸ்ட் மோட் என்ற தூக்க நிலை அல்ல, முழுதாக நிறுத்தி வயர்களை எல்லாம் பிடுங்குங்கள். ஸ்லிம்மில் பின் மூலையில் உள்ள சின்ன மூடியை இழுத்தால் வரும். உள்ளே ஒரே ஒரு ஆணி, தலையில் முக்கோணம், வட்டம், புள்ளடி, சதுரம் இருக்கும். அதை மட்டும் கழற்றுங்கள். டிஸ்க் தன் தகரச் சட்டத்தோடு வெளியே வரும். சட்டத்தில் நான்கு ஆணிகள். இவை மெல்லிய உலோகம். பிஎச்1ஐ விடச் சின்னதான பிஎச்0 ஆல் திருகினால் தலை வழுக்கிவிடும். மேலிருந்து அழுத்திக்கொண்டே திருப்புங்கள். திரும்பப் பூட்டும்போது பிடித்தவுடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் நசுங்கி, டிஸ்கின் அதிர்வு பெட்டியில் கேட்கும்.

ஸ்டிக்கைக் குத்தி, பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை, ஏறத்தாழ 7 செக்கன், அழுத்திப் பிடியுங்கள். பழுது பார்ப்பதற்கான மெனு, சேஃப் மோட், வரும். கொன்ட்ரோலரை வயரால் இணைத்துப் பிஎஸ் பட்டனை அழுத்துங்கள். பட்டியலில் 7ஆவது, 'இனிஷியலைஸ் பிஎஸ்4', அடைப்புக்குறிக்குள் மென்பொருள் மறுநிறுவல் என்று இருப்பது. கோப்பு ஏறும்போது மின்வெட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து. யூபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள்.

தெஹிவளை: சேஃப் மோட் வருகிறது, 'யூஎஸ்பி கேபிளால் கொன்ட்ரோலரை இணை' என்று காட்டுகிறது. இணைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. கொன்ட்ரோலர் பழுதா?

வயர். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர் இது, டேட்டா போகாது. புறக்கோட்டையில் தெருவோரம் வாங்கிய மலிவு வயர்களில் இது நிறைய. போனைக் கொம்பியூட்டரோடு இணைத்துப் படம் கொப்பி பண்ண முடிகிற வயர் எதுவானாலும் சரி.

கொட்டாஞ்சேனை: 4 டிபி லாப்டொப் டிஸ்க் ஒன்று இருக்கிறது. பிஎஸ்4க்குள் போகுமா?

போகாது. 2.5 அங்குலத்தில் 4, 5 டிபி சுழல் டிஸ்குகள் 15 மில்லிமீட்டர் தடிப்பு. சட்டம் 9.5க்குத்தான். சுழல் டிஸ்கில் உள்ளே போடக்கூடிய உச்சம் 2 டிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4 டிபியை யூஎஸ்பி கேஸில் போட்டு வெளியே பாவியுங்கள்.

மருதானை: பிஎஸ்4இல் எஸ்யூ-41333-4 என்று பிழைக் கோட் வருகிறது. ஸ்டிக்கை மூன்று தரம் மாற்றிவிட்டேன்.

ஸ்டிக்கில் பிழை இல்லை. அரை ஜிபி கோப்பைப் போட்டிருப்பீர்கள், அல்லது ஃபோல்டர் பெயர் பிழை. மேலே வெள்ளவத்தைத் தம்பிக்கு எழுதியதைப் பாருங்கள்.

வத்தளை: வெளி டிஸ்க் கடையில் மலிவு. அதை உடைத்து உள்ளிருப்பதை எடுத்துப் போட்டால் என்ன?

உடைக்கும் முன் பிராண்டைப் பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் சின்ன வெளி டிஸ்குகளில் யூஎஸ்பி வாய் டிஸ்கின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும், சாட்டா வாயே கிடையாது. உடைத்த பிறகு கையில் இருப்பது மூடியில்லாத யூஎஸ்பி டிஸ்க், உத்தரவாதமும் போயிற்று. சீகேட்டின் 1, 2 டிபியில் பெரும்பாலும் சாட்டா இருக்கும். ஆனாலும் இலாபம் சொற்பம்.

வாங்கும்போது இன்னொன்று. யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், காசு கொடுக்கும் முன் டிஸ்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'பவர் ஒன் அவர்ஸ்', அதாவது ஓடிய மணித்தியாலம், புதிய டிஸ்கில் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் லாப்டொப்பில் கழற்றியது. பழுதான பகுதிகளைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளிலும் 'ரோ வேல்யூ' பூச்சியம் தவிர வேறு ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். உள்ளங்கை அளவில் '16 டிபி எஸ்எஸ்டி' என்று சொற்ப காசுக்கு விற்பவை எல்லாம் போலி. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும், நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும்.

பம்பலப்பிட்டி: 1 டிபி எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். பிஎஸ்4 ப்ரோ. உள்ளே போடுவதா, வெளியே தொங்கவிடுவதா?

உள்ளே. ப்ரோவில் வேகம் கூடிய சாட்டா 3, முதல் வந்த பிஎஸ்4இல் வேகம் குறைந்த சாட்டா 2. ப்ரோவில் எஸ்எஸ்டிக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது.

மட்டக்குளி: அண்ணே, அது சரியில்லை. யூஎஸ்பி 3.0 வழியாக வெளியே போட்டாலும் கேம் லோட் ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏன் கழற்ற வேண்டும், ஏன் 1 ஜிபி கோப்போடு மல்லுக்கட்ட வேண்டும்?

லோடிங் நேரத்தில் நீங்கள் சொல்வது சரி. கேமின் தரவை விரித்துக் கொடுப்பது பிஎஸ்4இன் ப்ராசஸர், அது மெதுவானது. சுழல் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்தால் பெரிய வித்தியாசம். உள்ளேயா வெளியேயா என்பதில் சில செக்கன். ஆனால் வெளியே போட்டால் மெனு, சேவ், வீடியோ பதிவு, கணக்கு எல்லாம் பழைய டிஸ்கிலேயே கிடக்கும். வருடக்கணக்காக ஓடிய அந்த டிஸ்க் போனால் சேவும் போய்விடும்.

கல்கிசை: வெளி டிஸ்க் வயர் ஆடினாலே கழன்றுபோகும். கடைசியில் 'ரிப்பேர்' என்று நிற்கும்.

மட்டக்குளி: ஹப்பில் குத்தினால் அப்படித்தான். நேரே குத்த வேண்டும். நாளைக்கு பிஎஸ்5 வாங்கினால் அதே எஸ்எஸ்டியைப் பிடுங்கிக் குத்த, பிஎஸ்4 கேம் எல்லாம் ஓடும். உள்ளே போட்டால் அது முடியுமா?

இது நல்ல வாதம். பிஎஸ்5 வாங்கும் எண்ணம் கிட்டடியில் இருந்தால் நான் மட்டக்குளி பக்கம். வெளி டிஸ்க் 250 ஜிபிக்குக் குறையாமலும் 8 டிபிக்குக் கூடாமலும் இருக்க வேண்டும், ஹப் கூடாது. ஆனால் கரண்ட் போகும்போது வெளி டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தால் கேம் கோப்பு கெடும். கெட்டால் திரும்ப இறக்கலாம், டேட்டா பக்கேஜ் இருந்தால்.

கல்கிசை: எஸ்எஸ்டி போட்டால் பிரேம் (செக்கனுக்குக் காட்டும் படங்கள்) கூடும் என்கிறார்களே?

கூடாது. பிரேமைத் தீர்மானிப்பது ப்ராசஸரும் கிராஃபிக்ஸும். திறந்த உலகக் கேம்களில் ஓடிக்கொண்டே போகும்போது கட்டடம் தாமதமாக முளைப்பது குறையும், அவ்வளவுதான்.

மட்டக்குளி: அப்போ நான் சொன்னது சரிதானே?

பாதி சரி. பம்பலப்பிட்டிக்கு என் பதில் மாறவில்லை. உள்ளே போடுங்கள், சேவ் கோப்பை எடுத்துவிட்டு. அடுத்த கேள்வி.

கொள்ளுப்பிட்டி: பிஎஸ்5க்கு எந்த எஸ்எஸ்டி? என்விஎம்இ (பட்டை வடிவ வேக எஸ்எஸ்டி) எதுவும் போகுமா?

எதுவும் போகாது. பெட்டியில் பிசிஐஇ ஜென்4 (நான்காம் தலைமுறை இணைப்பு), நான்கு லேன், எம் கீ (செருகும் முனையின் வெட்டு வகை) என்று இருக்கும் எம்.2 பட்டைதான் வேண்டும். ஜென்3 போட்டால் கொன்சோல் ஏற்காது. சோனி பரிந்துரைக்கும் வாசிப்பு வேகம் செக்கனுக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல். கொள்ளளவு 250 ஜிபி முதல் 8 டிபி வரை. 4 டிபிக்கு மேல் போட 2023 செப்டெம்பரில் வந்த மென்பொருளோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2280 அளவு (22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்) வாங்குவது இலகு.

ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுக்கும் உலோகத் தகடு, கட்டாயம். ஆனால் கொம்பியூட்டருக்கான கோபுர ஹீட்சிங்க்குகள் இங்கே போகாது. மொத்தத் தடிப்பு 11.25 மில்லிமீட்டர், அதில் பலகைக்கு மேலே 8, கீழே 2.45 தான். அகலம் 25 மில்லிமீட்டர். தனியாக வாங்கினால் தேர்மல் பட்டையின் இரு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். உரிக்காமல் ஒட்டிவிட்டுச் சூடாகிறது என்று வருகிறவர்கள் குறைவில்லை.

நிறுத்தி, வயர் பிடுங்கி, ஆறவிட்டு, பக்க மூடியைக் கழற்றினால் நீளமான சின்னத் தகர மூடி ஒன்று தெரியும். உள்ளே ஆணியும் அதன் கீழ் ஒரு சின்ன வளையமும் இருக்கும். 2280 போடுகிறீர்களானால் வளையத்தை 80 என்று குறித்த துளைக்கு மாற்றுங்கள். மாற்ற மறந்தால் எஸ்எஸ்டி வளைந்து நிற்கும். சரிவாகச் செருகி, படுக்கவைத்து, ஆணி, பின்பு தகர மூடி. அந்த மூடியைத் திருப்பிப் போடாமல் விடாதீர்கள், காற்று அதைக் கணக்கில் வைத்தே ஓடுகிறது. போட்டு இயக்கினால் ஃபோர்மட் செய்யவா என்று கேட்டு, வேகத்தையும் காட்டும். பிஎஸ்5இல் உள்ளே இருக்கும் சேமிப்பு பலகையோடு பற்றவைத்தது. அதைத் தொட வேண்டியதில்லை, அதிலுள்ள சேவும் அசையாது.

நாரஹேன்பிட்டி: பிஎஸ்5 கேமை யூஎஸ்பி டிஸ்கில் வைத்து விளையாடலாமா?

வைக்கலாம், விளையாட ஏலாது. திரும்ப உள்ளே கொப்பி பண்ண வேண்டும். பிஎஸ்4 கேம் என்றால் நேரே ஓடும்.

கிரான்ட்பாஸ்: எக்ஸ்பொக்ஸ் ஒன் உள் டிஸ்க் மாற்றுவது எப்படி?

மாற்றாதீர்கள், பயனர் மாற்றுவதற்கென்று செய்ததல்ல. 256 ஜிபிக்கு மேற்பட்ட யூஎஸ்பி 3.0 டிஸ்க் குத்துங்கள். சீரிஸ் எக்ஸ், எஸ் என்றால் அதற்கென்று விற்கும் விரிவாக்க அட்டை.

பொரளை: பிஎஸ்3?

2.5 அங்குல சாட்டா, 9.5 மில்லிமீட்டர், ஃபாட்32 ஸ்டிக். ஃபோல்டர் பெயர் மட்டும் பிஎஸ்3.

கிருலப்பனை: பிஎஸ்4க்கு 5 டிபி போடலாமா?

கொட்டாஞ்சேனைக்கான பதில்.

இரத்மலானை: 3.5 அங்குல டிஸ்கை இறுக்கி உள்ளே...

இல்லை.

புறக்கோட்டை: ஜெயில்பிரேக் செய்த (சோனியின் பூட்டை உடைத்த) பிஎஸ்4. டிஸ்க் மாற்றினால் போய்விடுமா?

ஜெயில்பிரேக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒன்று மட்டும்: மறுநிறுவலில் சோனியின் புதிய கோப்பைப் போட்டால் பதிப்பு ஏறிவிடும், இறக்க வழி இல்லை. கழற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

மோதரை: பிஎஸ்4இல் சிஈ-34335-8 என்ற கோட் வருகிறது. பழைய டிஸ்க் டிக்டிக் என்று சத்தம். சேவ் எடுக்கவே இல்லை, தங்கச்சியின் சேவும் அதில். ஏதாவது வழி?

தங்கச்சிக்காக விரிவாக. அந்தக் கோட் டிஸ்கைக் கொன்சோல் காணவில்லை என்பது. முதலில் டிஸ்கை வெளியே எடுத்துத் திரும்பச் செருகுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றில் தொடுமுனை கறுப்பதும் நடக்கும். அப்படியென்றால் பஞ்சில் ஐசோப்ரொபைல் அல்கஹோல் தொட்டு மெதுவாகத் துடைத்துக் காயவிடுங்கள். கொன்சோல் ஒருமுறை எழும்பினால் வேறு எதையும் தொடாமல் சேவ் கோப்பை மட்டும் கொப்பி பண்ணுங்கள்.

எழும்பாவிட்டால், டிஸ்கைக் கொம்பியூட்டரில் இணைத்து விண்டோஸ் 'ஃபோர்மட் செய்யவா' என்று கேட்கும்போது வேண்டாம் சொல்லுங்கள். உள்ளே இருப்பது குறியாக்கம் செய்தது, உங்கள் கொன்சோலுக்கு மட்டுமே திறக்கும். கோப்பாகப் பார்க்க முடியாது. செய்யக்கூடியது செக்டர் செக்டராக வேறொரு டிஸ்குக்குக் குளோன் எடுப்பது, லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ போன்ற ஒன்றால். அதே கொன்சோலில் போட்டால் எழும்ப வாய்ப்பு உண்டு. பெரிய டிஸ்குக்குக் குளோன் எடுத்தாலும் பழைய கொள்ளளவுதான் காட்டும். ஆகவே எழும்பியதும் சேவ் கோப்பை எடுத்துவிட்டு முறைப்படி மறுநிறுவல் செய்யுங்கள். டிக்டிக் சத்தத்தோடு ஓட ஓட டிஸ்க் இன்னும் கெடும். சும்மா போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள்.

வெள்ளவத்தை (வேறொருவர்): டிஸ்க் மாற்றி எல்லாம் முடித்துவிட்டேன். சேவ் எங்கே வரும்?

எடுத்து வைத்தீர்களா? இல்லையென்றால் பழைய டிஸ்கை அதே கொன்சோலில் திரும்பப் போடுங்கள். இடையில் மென்பொருள் பதிப்பு ஏறாமல் இருந்தால் முன்போலவே எழும்பும். அதை இன்னும் அழிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஹெவ்லொக் டவுன்: எல்லாம் சரியாக முடிந்தது அண்ணா, சேவும் வந்துவிட்டது. பழைய 500 ஜிபியை என்ன செய்யலாம்?

இரண்டு கிழமை தொடாமல் வையுங்கள். பின்பு யூஎஸ்பி 3.0 கேஸ் ஒன்றில் போட்டு பிஎஸ்4இலேயே வெளிச் சேமிப்பாக ஃபோர்மட் செய்யலாம், 250 ஜிபிக்கு மேல் இருப்பதால் ஏற்கும். அடிக்கடி விளையாடாத கேம்களை அதில் தள்ளுங்கள். கேஸ் வாங்கும்போது 9.5 மில்லிமீட்டர் டிஸ்க் உள்ளே போகுமா என்று பாருங்கள், சில கேஸ்கள் 7க்கு மட்டும்.